இடம் மாறும் கல்லீரல்

1963-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள். அமெரிக்காவின் டென்வர் நகரில், டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் என்னும் அறுவை மருத்துவர் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இறந்துபோன இன்னொருவரின் கல்லீரலைப் பொருத்த முற்பட்டார். மனிதருக்குச் செய்யப்பட்ட முதல் கல்லீரல் மாற்று அறுவை அதுதான். இரத்தப் பெருக்கை நிறுத்த முடியவில்லை. சிறுவன் அறுவை மேசையிலேயே இறந்துபோனான்.

1998-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். நம் காஞ்சிபுரத்திலிருந்து புது தில்லிக்கு எடுத்துச் செல்லப்பட்ட, இரண்டு வயது நிறையாத ஒரு குழந்தைக்கு, அதன் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டியெடுத்துப் பொருத்தினார்கள். அக்குழந்தை பிழைத்தது. வளர்ந்து, மருத்துவம் படித்து, மருத்துவராகவும் ஆயிற்று. இந்தியாவில் குழந்தைகளுக்குச் செய்த கல்லீரல் மாற்றுகளுள் முதலில் வெற்றி பெற்றது அதுதான்.

இந்த இரண்டு குழந்தைகளுக்கும் இருந்த நோய் ஒன்றே. இடைப்பட்ட காலம் 35 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் மருத்துவர்கள் எவற்றைக் கற்றுக்கொண்டார்கள்? இன்றும் எந்தெந்த இடர்களுக்கு அஞ்சுகிறார்கள்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

1998-இல் தில்லிக்குச் செல்ல வேண்டியிருந்த இந்த அறுவை இன்று நம் தென்சென்னைப் புறநகர்களிலேயே நடைபெறுகிறது. பெரும்பாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் இதற்கான மருத்துவமனைகள் உள்ளன. 1997-இல் இலண்டனில், பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்றிய டாக்டர் முகமது ரேலா நிறுவிய மருத்துவமனை 2018 முதல் குரோம்பேட்டையில் இயங்குகிறது. அரசு மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, சென்னை ஸ்டான்லி மருத்துவமனை 2009-இல் இப்பணியைத் தொடங்கியது.

நான் தாம்பரத்தில் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும், இந்த அறுவையில் நேரும் தொல்லைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவற்றுள் பல நீங்கள் பள்ளியில் படிக்கும் அழுத்தம், வெப்பநிலை, சவ்வூடு பரவல், டாப்ளர் விளைவு ஆகியவைதாம் என்பது தெரிகிறது. ஆகவே துணிந்து எழுதுகிறேன்.

இரு வாயில்கள் உள்ள உறுப்பு

வயிற்றின் மேற்பகுதியில், வலப்பக்க விலா எலும்புகளின் மறைவில் கல்லீரல் இருக்கிறது. நன்கு வளர்ந்த மனிதரிடம் அதன் எடை ஏறத்தாழ 1.2 முதல் 1.5 கிலோ கிராம் வரை. உணவிலிருந்து வரும் சர்க்கரையைச் சேமித்து வைப்பது, நஞ்சான அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது, காயத்தில் இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களை உண்டாக்குவது, நாள்தோறும் அரை லிட்டருக்கு மேல் பித்தநீரைச் சுரப்பது ஆகியன அதன் பணிகளுள் சில. முழுப் பட்டியல் எழுதினால் இந்த இதழ் போதாது.

நம் இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து அழிகின்றன. அப்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருள் பிலிருபின். கல்லீரல் இதை வடித்துப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. மலத்திற்கு மஞ்சளும் பழுப்புமான நிறம் வருவது இதனால்தான். கல்லீரல் பழுதுபட்டாலோ பித்தநாளம் அடைபட்டாலோ பிலிருபின் இரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் மஞ்சள் பூசும். அதையே மஞ்சட்காமாலை என்கிறோம். காமாலை தனி நோய் அன்று. பல நோய்களுக்கு உரிய அறிகுறி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற உறுப்புகளுக்குத் தமனி வழியாக மட்டுமே இரத்தம் வருகிறது. கல்லீரலுக்கு வாயில்கள் இரண்டு. ஒன்று தமனி. மற்றொன்று, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் இரத்தத்தைக் கொண்டுவரும் வாயிற்சிரை. கல்லீரலுக்குள் நிமிடந்தோறும் நுழையும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இரத்தத்தில் நான்கில் மூன்று பங்கு வாயிற்சிரை வழியாகவே வருகிறது. ஆனால் அதன் அழுத்தம் மிகவும் குறைவு: 5 முதல் 10 மில்லிமீட்டர் பாதரசம். கையில் பட்டை கட்டி அளக்கும்போது டாக்டர் சொல்லும் 120 என்ற எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! அழுத்தம் இவ்வளவு குறைவாக இருந்தும் இரத்தம் தடையின்றி ஓடுவதற்குக் காரணம், நல்ல கல்லீரல் பஞ்சுபோல் மென்மையாக இருப்பதுதான்.

பஞ்சு கல்லாகும்போது

கல்லீரலைக் கெடுப்பவை பல. தூய்மையற்ற நீர் மூலம் பரவும் 'ஏ', 'ஈ' வகை வைரசுகள் பெரும்பாலும் சில வாரம் வருத்திவிட்டுத் தாமே நீங்கிவிடும். இரத்தத்தின் வழியாகவும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும் 'பி' வகையும், இரத்தத்தின் வழியாகப் பரவும் 'சி' வகையும் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடக்கூடியவை. 'பி' வகைக்குத் தடுப்பூசி உண்டு. மதுவும் கல்லீரலைக் கெடுக்கும். மதுவையே தொடாதவரிடமும் உடற்பருமனாலும் நீரிழிவாலும் கல்லீரலில் கொழுப்பு படிவதுண்டு.

காமாலை என்றதும் நம் ஊரில் கீழாநெல்லியைத் தேடுவார்கள். 'ஏ' வகைக் காமாலை தானாகவே குணமாகும் இயல்புடையது. ஆகவே அப்போது எதைக் கொடுத்தாலும் அதற்கே நற்பெயர் கிடைத்துவிடும். கீழாநெல்லியை அறிவியல் முறைப்படி ஆராயாமலும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜனும் அவருடன் பணியாற்றியோரும் 'பி' வகை வைரசு தங்கியிருந்தவர்களுக்கு அதைக் கொடுத்து, நல்ல பயன் கண்டதாக 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உலகம் முழுவதும் அதைக் கவனித்தது. பின்னர் பிற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பயன் உறுதிப்படவில்லை. ஓர் ஆய்வின் முடிவை மற்றவர்கள் திரும்பச் செய்து பார்ப்பது ஏன் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

காரணம் எதுவாயினும், கல்லீரல் நெடுங்காலம் புண்பட்டுக்கொண்டே இருந்தால் புண் ஆறும் இடமெல்லாம் தழும்பாகிறது. தழும்பு கூடக் கூட உறுப்பு இறுகுகிறது. இந்த நிலையைக் கல்லீரல் இறுக்கம் அல்லது சிரோசிஸ் என்பர். இறுகிய கல்லீரலுக்குள் வாயிற்சிரை இரத்தம் எளிதில் நுழைய முடியாது. பிறகு என்ன நடக்கும்? மழைக்காலத்தில் நம் சேலையூர் ஏரியோ மாடம்பாக்கம் ஏரியோ நிரம்பினால் நீர் கலங்கல் வழியாக வழிகிறது அல்லவா? அதேபோல இரத்தம் சுற்று வழி தேடுகிறது. உணவுக்குழாயின் சுவரிலுள்ள சிறு சிரைகள் அந்தச் சுற்று வழிகளுள் ஒன்று. அவை இவ்வளவு இரத்தத்தைத் தாங்குவதற்கென அமைந்தவை அல்ல, ஆகவே புடைத்துக்கொள்கின்றன. கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு 12 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டினால் அவை வெடிக்கும் அபாயம் உண்டு. 12 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 16 சென்டிமீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தம்; ஒரு சாண் உயரம்கூட இல்லை! இவ்வளவு சிறிய அழுத்தம் ஓர் உயிரைப் போக்கவல்லது. வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதற்கும் (முன்னோர் இதை மகோதரம் என்றனர்) இந்த அழுத்தம் முக்கியக் காரணம்.

கல்லீரல் எவ்வளவு இறுகியுள்ளது என்பதை வெட்டிப் பார்க்காமலே அறிய ஓர் அழகிய வழி இருக்கிறது. விலா எலும்புகளுக்கு இடையே ஒரு கருவியை வைத்து, நொடிக்கு 50 அதிர்வுகள் கொண்ட ஒரு மெல்லிய தட்டலை உள்ளே அனுப்புகிறார்கள். அந்த அதிர்வலை திசுவுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதை மீயொலி கொண்டு அளக்கிறார்கள். இறுகிய பொருளில் அலை வேகமாகச் செல்லும். வேகத்தின் இருமடியை அடர்த்தியாலும் மூன்றாலும் பெருக்கினால் யங் குணகம் கிடைத்துவிடும். நீங்களே கணக்கிடலாம். அடர்த்தி நீரின் அடர்த்தி என்று கொள்ளுங்கள். வேகம் நொடிக்கு 1.3 மீட்டர் என்றால் விடை ஏறத்தாழ 5 கிலோபாஸ்கல். இது நல்ல கல்லீரல். வேகம் 2.1 மீட்டர் என்றால் 13 கிலோபாஸ்கலைத் தாண்டுகிறது. இது சிரோசிஸாக இருக்கக்கூடும் என்று மருத்துவர் ஐயுறுவார்.

அறுபது நாட்கள்

டென்வர்ச் சிறுவனுக்கும் காஞ்சிபுரம் குழந்தைக்கும் இருந்த நோய்க்குப் பிலியரி அட்ரீசியா என்று பெயர். பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் நாளம் பிறப்பிலேயே அடைபட்டிருக்கும், அல்லது பிறந்த சில வாரங்களில் அடைபட்டுவிடும். பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பிறப்புகளில் ஒன்றுக்கு இது நேர்கிறது. வெளியேற வழியில்லாத பித்தநீர் கல்லீரலையே அரித்து, இரண்டு வயதுக்குள் அதை முற்றிலும் இறுகச் செய்துவிடும்.

ஜப்பானில் மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் 1950-களில் இதற்கு ஒரு வழி கண்டார். அடைபட்ட நாளத்தை நீக்கிவிட்டு, சிறுகுடலின் ஒரு பகுதியைக் கல்லீரலின் வாயிலுக்கே கொண்டுவந்து தைத்துவிடுவது அவருடைய முறை. இது பெரும்பாலும் பலிக்க வேண்டுமானால் குழந்தைக்கு 60 நாள் ஆவதற்கு முன்பே செய்தாக வேண்டும். நாட்கள் கடக்கக் கடக்க வாய்ப்பு குறைகிறது.

இங்கேதான் சிக்கல். பிறந்த குழந்தைகள் பலருக்கு முதல் வாரத்தில் இலேசான காமாலை வருவது இயல்பு. காலை வெயிலில் காட்டுங்கள், சரியாகிவிடும் என்று பாட்டிமார் சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. ஆனால் இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீங்கவில்லை, மலம் சுண்ணாம்பு போலவோ களிமண் போலவோ வெளுத்திருக்கிறது, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியச் செய்கிறது என்றால், அது வேறு காமாலை. வெயிலும் கீழாநெல்லியும் அடைபட்ட நாளத்தைத் திறக்கமாட்டா. அறுபது நாட்களில் இருபதையோ முப்பதையோ விழுங்கிவிடும். தைவான் நாட்டில் 2004 முதல் பிள்ளை பெற்ற தாய்மார் எல்லாருக்கும் மலத்தின் நிறங்களை அச்சிட்ட ஓர் அட்டையைக் கொடுக்கிறார்கள். குழந்தையின் மலத்தை அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்த நிறமாக இருந்தால் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். இதன் பிறகு, உரிய காலத்திற்குள் அறுவை செய்யப்பெறும் குழந்தைகளின் விகிதம் அங்கே உயர்ந்தது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கைக்குழந்தை இருந்தால் இச்செய்தியைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஓர் அட்டைக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

கசாய் அறுவை பலிக்காவிட்டால், அல்லது காலம் கடந்துவிட்டால், கல்லீரலை மாற்றுவது ஒன்றே வழி.

கல்லீரல் எங்கிருந்து வரும்?

விபத்து முதலியவற்றால் மூளை இறந்து, கருவிகளின் உதவியால் இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருப்பவரிடமிருந்து உறவினரின் இசைவோடு எடுக்கலாம். இதற்கு இடமளிக்கும் சட்டம் இந்தியாவில் 1994-இல் வந்தது. தமிழ்நாட்டு மக்கள் மனத்தில் இது பதிந்தது 2008 செப்டம்பரில் எனலாம். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் பதினைந்து வயது மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். போக்குவரத்துக் காவலர் வழியை ஒழுங்குசெய்து தர, அச்சிறுவனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சில நிமிடங்களில் சென்றதை நாளேடுகள் எல்லாம் எழுதின.

இன்னொரு வழி, உயிரோடு இருக்கும் உறவினரிடமிருந்து ஒரு பகுதியைப் பெறுவது. பிரெஞ்சு அறிஞர் குயினோ 1950-களில் கல்லீரலை எட்டுக் கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனி இரத்தக் குழாயும் பித்தநாளமும் உண்டு. ஆகவே பலாப்பழத்தில் சுளையை எடுப்பதுபோல, மற்றவற்றைக் கெடுக்காமல் இரண்டு கூறுகளை மட்டும் பிரித்தெடுக்கலாம். (சுளையைப்போல எளிதில் வந்துவிடாது, பல மணி நேர வேலை.) குழந்தைக்கு இடப்பக்கத்து இரண்டு கூறுகள், அதாவது கால் கிலோ அளவு, போதும். 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் டாக்டர் ரசல் ஸ்ட்ராங், ஒரு ஜப்பானியத் தாயின் கல்லீரல் பகுதியை அவர் மகனுக்கு வைத்து முதல் வெற்றி கண்டார்.

கொடுத்தவரின் கல்லீரல் மீண்டும் வளர்கிறது. வெட்டிய பகுதி அப்படியே முளைப்பதில்லை. எஞ்சிய பகுதி பருத்து, சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவை எட்டுகிறது. ஆயினும் கொடுப்பவருக்கு ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடப்பக்கச் சிறு பகுதியைக் கொடுப்போரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவரும், பெரியவர்களுக்காக வலப்பகுதியைக் கொடுப்போரில் ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேரும் இறக்கக்கூடும் என மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். நோயே இல்லாத ஒருவரை அறுவை மேசையில் கிடத்தும் அறுவை இது. அந்தத் தந்தையரும் தாய்மாரும் இந்த எண்களைக் கேட்ட பிறகே கையெழுத்திடுகிறார்கள்.

எவ்வளவு எடுப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பெறுபவரின் உடல் எடையில் குறைந்தது 0.8 விழுக்காடு இருக்க வேண்டும். 60 கிலோ மனிதருக்கு 480 கிராம். இதைவிடச் சிறிய துண்டை வைத்தால், முழுக் கல்லீரலுக்கென வரும் வாயிற்சிரை வெள்ளம் அந்தச் சிறு துண்டுக்குள் பாய்ந்து அதைச் சிதைத்துவிடும். கூடுதலாக எடுத்தால் கொடுப்பவருக்கு ஆபத்து.

குளிரில் ஒரு பயணம்

உடலிலிருந்து எடுத்த கல்லீரலுக்கு இரத்தம் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. ஆகவே அதன் தேவையைக் குறைத்தாக வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் செல்களின் வேதிவினை ஏறத்தாழ பாதியாகிறது. 37 டிகிரியிலிருந்து 27-க்கு வந்தால் பாதி, 17-க்கு வந்தால் கால், 7-க்கு வந்தால் அரைக்கால். பனிக்கட்டிப் பெட்டியின் 4 டிகிரியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இதயம் இவ்வாறு நான்கு மணி நேரமளவே தாங்கும். கல்லீரல் எட்டு முதல் பன்னிரண்டு மணி வரை தாங்கும். ஜி.எஸ்.டி. சாலையில் இதயத்தை ஏற்றிய ஊர்தி பறப்பதற்கும், கல்லீரல் சற்று நிதானமாக வருவதற்கும் காரணம் இதுவே.

ஆனால் குளிரே ஒரு கேட்டையும் செய்கிறது. செல்கள் ஓயாமல் சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டிருக்கின்றன. குளிரில் அந்த இறைப்பு நின்றுவிடும். சோடியம் உள்ளே புகும். அதன் பின்னே சவ்வூடு பரவலால் நீரும் புகும். நீரில் போட்ட உலர்திராட்சையைப்போலச் செல் உப்பிவிடும். 1987-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சவுதர்டும், செல் சவ்வைக் கடக்க முடியாத பெரிய மூலக்கூறுகள் கலந்த ஒரு கரைசலை உருவாக்கினார்கள். வெளியேயும் கரைபொருள் செறிந்திருப்பதால் நீர் உள்ளே ஓடுவதில்லை. அதற்கு முன் சில மணி நேரமாக இருந்த அவகாசம் இதனால் பெரிதும் நீண்டது.

புதிய கல்லீரலைத் தைத்து முடித்து, குழாய்களின் இடுக்கிகளைத் தளர்த்தும் அந்த நிமிடமே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் நேரம். கல்லீரலில் தேங்கியிருக்கும் குளிர்ந்த, பொட்டாசியம் மிகுந்த நீர்மம் நேரே இதயத்திற்குப் போகும். இரத்த அழுத்தம் சரியலாம். இதயத் துடிப்பு தடுமாறலாம். அதனால்தான் முன்கூட்டியே கல்லீரலைக் கழுவிவிடுகிறார்கள். மயக்க மருத்துவர் மருந்து நிரப்பிய ஊசிகளோடு ஆயத்தமாக நிற்கிறார். சிறிது நேரத்தில் வெட்டிய பித்தநாளத்திலிருந்து பொன்னிறப் பித்தநீர் சொட்டத் தொடங்கினால், கல்லீரல் வேலைக்கு வந்துவிட்டது என்று பொருள். மிகச் சிலருக்கு அது சொட்டுவதே இல்லை. அப்போது சில நாட்களுக்குள் வேறொரு கல்லீரல் கிடைத்தாக வேண்டும்.

1963-இல் ஸ்டார்சலால் இந்த நிமிடத்தை நன்கு கடக்க இயலாமற்போனதற்குக் காரணம், இரத்தம் உறைவதற்கான புரதங்கள் அச்சிறுவனிடம் மிகக் குறைந்திருந்ததும், அழுத்தத்தால் புடைத்த சிரைகள் அறுக்கும் இடமெங்கும் இருந்ததும்தான். நான்கு ஆண்டு கழித்து, 1967-இல், அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது.

நான்காம் அடுக்கு

அறுவை முடிந்த பிறகு முதல் சில நாட்களில் பெரிதும் அஞ்சப்படுவது கல்லீரல் தமனியில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வது. குழாயில் பாயும் நீர்மத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்ற பாய்சல் விதியை நீங்கள் மேல்வகுப்பில் படிப்பீர்கள். ஆரம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை; பதினாறில் ஒன்றாகிவிடும்! குழந்தையின் கல்லீரல் தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டமே உள்ளது. தையல் சற்றே உட்புறம் சுருங்கினாலும் போதும். ஆகவே நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய இழையால் தைக்கிறார்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் இந்த அடைப்பு மிகுதி.

நான்கில் மூன்று பங்கு இரத்தம் வாயிற்சிரையில்தானே வருகிறது, தமனி அடைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கல்லீரலுக்குள் இருக்கும் பித்தநாளங்களுக்கு இரத்தம் கொடுப்பது தமனி மட்டுமே. அது நின்றால் நாளங்கள் அழுகும். எனவே முதல் வாரத்தில் நாள்தோறும் மீயொலி கொண்டு சோதிக்கிறார்கள். ஓடும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறியிருக்கும். நெருங்கி வரும் இரயிலின் ஊதல் தாம்பரம் நடைமேடையைக் கடந்ததும் தணிந்து ஒலிக்கிறதே, அதே டாப்ளர் விளைவுதான். மாற்றம் இல்லையென்றால் ஓட்டம் இல்லை. உடனே மீண்டும் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும்.

தமனி நன்றாக இருந்தாலும் பித்தநாளத் தையல் கசிவதும், பிறகு சுருங்குவதும் உண்டு. பத்துப் பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இத்தொல்லைக்கு ஆளாகின்றனர். ஆயினும் அவர்களுள் பலருக்கு வாய் வழியாகக் குழாய் செலுத்தி, மறு அறுவையின்றியே சரிசெய்துவிட முடிகிறது.

'நீ யார்?'

குழாய்கள் யாவும் சரியாக அமைந்த பின்னும், உடலின் வெள்ளணுக்கள் புதிய உறுப்பைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்கின்றன. இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் ஒட்டுவதை ஆராய்ந்த பீட்டர் மெடாவர், பிறருடைய தோலை உடல் ஏன் உதிர்க்கிறது என்பதை விளக்கினார். அவர் 1960-இல் நோபல் பரிசு பெற்றார். இதைத் தடுக்கும் நல்ல மருந்து ஒன்று மண்ணிலிருந்து வந்தது. நார்வே நாட்டின் ஒரு மேட்டுநிலத்து மண்ணிலிருந்த பூசணத்தில் சைக்ளோஸ்போரின் இருப்பதைச் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தார் 1970-களில் கண்டனர். கேம்பிரிட்ஜில் ராய் கேன் 1978-இல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1984-இல் ஜப்பானின் சுகுபா மலைப்பகுதி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிடமிருந்து டாக்ரோலிமஸ் கிடைத்தது. இன்று பெரும்பாலோர் உண்பது இதையே. நல்ல மருத்துவமனைகளில் இப்போது பத்தில் ஒன்பது பேர் ஓராண்டைக் கடக்கிறார்கள்.

டாக்ரோலிமஸ் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 5 முதல் 10 நானோகிராம் இருந்தால் போதும். உடலிலுள்ள ஐந்து லிட்டர் இரத்தத்திற்கும் கணக்கிட்டால், மிகுதியாகப் போனால் 50 மைக்ரோகிராம். ஒரு சிறு உப்புத்துகளின் எடை! இதற்குக் கீழே இறங்கினால் வெள்ளணுக்கள் கல்லீரலைத் தாக்கும். மேலே ஏறினால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், சர்க்கரை நோய் வரலாம். பம்பளிமாஸ் பழம் குடலில் இம்மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், ஒரு பழம்கூட இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். ஆகவே அதை விலக்கச் சொல்கிறார்கள்.

இன்னொரு தொல்லை, மாற்றானைத் தடுக்காதே என்று கட்டளையிடப்பட்ட வெள்ளணுக்கள் கிருமிகளையும் தடுக்கத் தயங்குவது. நம் நாட்டில் பலரது நுரையீரலில் காசநோய்க் கிருமி நோய் ஏதும் உண்டாக்காமல் உறங்கிக்கொண்டிருக்கிறது. நோய்த் தடுப்பாற்றல் தணிந்ததும் அது விழித்துக்கொள்ளலாம். தாம்பரம் சானடோரியம் என்ற இரயில் நிலையத்தின் பெயரே 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. அக்காலத்து நோயும் இக்காலத்து அறுவையும் இவ்வாறு அடுத்தடுத்த நிலையங்களில் சந்திக்கின்றன. அறுவைக்கு முன்பே காசநோய்ச் சோதனை செய்வது இதற்காகத்தான்.

ஒரு வியப்பான செய்தி எஞ்சியிருக்கிறது. மாற்றிப் பொருத்தும் உறுப்புகளில் கல்லீரலே உடலோடு மிக எளிதில் இணங்குகிறது. இரத்த வகை பொருந்தினால் பெரும்பாலும் போதும். சிறுநீரகத்திற்குப் பார்ப்பதுபோலத் திசுப் பொருத்தம் பார்ப்பதில்லை. ஆண்டுகள் பல ஆனபின் சிலருக்கு மாத்திரையை முற்றிலும் நிறுத்தியும் கல்லீரல் நன்றாகவே இருக்கிறது. அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் சோதனை எதுவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே மற்ற எல்லாரும், அந்தச் சிலர் உட்பட, காலையும் இரவும் குறித்த நேரத்தில் மாத்திரையை விழுங்கி வருகிறார்கள்.